ராஜமுந்திரிக்கு இரண்டு பிறப்பு

சென்னையிலிருந்து ஹவுரா பக்கம் ரயிலில் போனவர்களுக்கு ராஜமுந்திரி என்றால் ஒரு பாலம், அவ்வளவுதான். விஜயவாடாவைத் தாண்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் கொவ்வூர் வரும். அதை விட்டதும் வண்டி ஆற்றின் மேல் ஏறிவிடும், ஏறினால் லேசில் இறங்காது. ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் சில்லறையைத் துழாவி எடுத்து ஆற்றில் எறிந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பி "கோதாவரி, கோதாவரி" என்று காட்டுவார்கள். அக்கரையில் வண்டி நின்றால் அதுதான் ராஜமுந்திரி. நம்மில் இறங்குகிறவர்கள் குறைவு.

திருப்பதி, நெல்லூர் மாதிரி எல்லையோர ஊர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், தமிழ் வரலாற்றோடு இவ்வளவு பின்னிக்கிடக்கும் தெலுங்கு ஊர் வேறு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தஞ்சாவூரில் பிறந்த பெண் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு இது. அவளுடைய பேரன் இங்கிருந்து வந்து சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். அப்புறம், காவிரியில் பாடம் படித்த ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் அந்தப் பாடத்தைக் கொண்டுபோய் எழுதிப் பார்த்ததும் இங்கேதான்.

2015இல் அரசு ஊரின் பெயரை ராஜமகேந்திரவரம் என்று பழைய வடிவத்துக்கு மாற்றியது. ஆந்திரர்கள் இதைத் தங்கள் பண்பாட்டுத் தலைநகர் என்பார்கள். ஏன் என்று கேட்டால், ஆதிகவி நன்னயா தெலுங்கில் மகாபாரதம் பாடிய ஊர் என்று உடனே பதில் வரும். பதில் சரிதான், ஆனால் அது பாதிக் கதை. நன்னயாவோடு நின்றிருந்தால் இது இன்னொரு பழைய தலைநகராகக் கல்வெட்டுத் தேடுபவர்கள் மட்டும் வந்துபோகும் இடமாகியிருக்கும். இந்த ஊர் இரண்டு தடவை பிறந்தது. முதல் பிறப்பு 11ஆம் நூற்றாண்டில், இரண்டாவது 1852இல். இரண்டுக்கும் காரணம் ஆறு அந்த இடத்தில் செய்யும் ஒரு காரியம்.

அதைப் புரிந்துகொள்ளத் திருச்சியை நினைத்துக்கொண்டால் போதும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து டெல்டா தொடங்குகிறது இல்லையா, கோதாவரிக்கு அந்த இடம் ராஜமுந்திரி. நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறந்து 1,465 கிலோமீட்டர் ஓடும் ஆறு, கிழக்குத் தொடர்ச்சி மலையில் பாபிகொண்டலு என்ற மலைகளுக்கு நடுவே இறுக்கமாக நெருக்கப்பட்டு வருகிறது. போலவரத்தில் மலையை விட்டு வெளியே வந்ததும் மூச்சு விட்டாற்போல் விரிகிறது. ராஜமுந்திரி அருகே அகலம் மூன்று கிலோமீட்டரை நெருங்கும். ஊருக்குச் சற்றுத் தெற்கே தவளேஸ்வரத்தில் கௌதமி என்றும் வசிஷ்டா என்றும் பிரிகிறது. நடுவில் கிடக்கும் தென்னையும் நெல்லுமான பூமிதான் கோனசீமா. டெல்டாவின் தலையில் உட்கார்ந்திருப்பவன் கையில் நெல்லும் இருக்கும், ஆற்றைக் கடக்கும் துறையும் இருக்கும், வரியும் இருக்கும். கீழைச் சாளுக்கியர்கள் ஏலூருக்குப் பக்கத்திலிருந்த தங்கள் பழைய தலைநகரான வேங்கியை விட்டு இங்கே வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

சாளுக்கியர் கதை நமக்குப் பாதி தெரிந்த கதை. முதலாம் ராஜராஜ சோழன் வேங்கி நாட்டு வாரிசுச் சண்டையில் தலையிட்டு, தஞ்சமென்று வந்த சக்திவர்மனுக்கு ராஜ்ஜியத்தை மீட்டுக் கொடுத்தார். சக்திவர்மனின் தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கட்டிக்கொடுத்தார். வந்தியத்தேவனை மணந்த குந்தவை இவர் அல்ல. அவர் அத்தை, இவர் மருமகள். பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புவார்கள். இந்தக் குந்தவைக்குப் பிறந்த மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அவர்தான் ராஜராஜ நரேந்திரன். அவர் கட்டியது மாமன் மகளை, அதாவது ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையை.

கல்யாணத்தோடு காரியம் முடிந்துவிடவில்லை. மாற்றாந்தாய் மகன் விஜயாதித்தன், மேற்கே கன்னட நாட்டை ஆண்ட கல்யாணிச் சாளுக்கியர் துணையோடு திரும்பத் திரும்ப சிம்மாசனத்துக்கு வந்து நின்றார். மருமகனைக் காப்பாற்றச் சோழப் படையும் திரும்பத் திரும்ப வடக்கே போனது. கங்கைவரை போன படை வெற்றியோடு திரும்பியபோது, ராஜேந்திரன் கோதாவரிக் கரைக்கு வந்து எதிர்கொண்டார் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. நாம் கங்கைகொண்டசோழபுரம் என்று பெருமையாகச் சொல்லும் கதையின் நடு அத்தியாயம் இந்த ஆற்றங்கரையில் நடந்திருக்கிறது.

ராஜராஜ நரேந்திரனுக்கும் அம்மங்கைக்கும் பிறந்த மகன் 1070இல் சோழ நாட்டுக்கு அரசனானார். முதலாம் குலோத்துங்கன், சுங்கம் தவிர்த்த சோழன், கலிங்கத்துப்பரணியின் அபயன், எல்லாம் அவர்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆண்டார். ஜெயங்கொண்டார் கொண்டாடிய அந்த அரசனின் அப்பா தெலுங்கு இலக்கியத்தைத் தொடங்கிவைத்த புரவலர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை. ஊரிலிருந்து கிழக்கே போனால் திராட்சாராமம் வரும். பஞ்சாராமங்கள் எனப்படும் ஐந்து சிவத்தலங்களில் ஒன்றான அந்தப் பீமேஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. போகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு நேரே வெளியே வந்துவிடாமல் பிராகாரத்தை ஒரு சுற்று நிதானமாக வரலாம்.

நன்னயாவிடம் ராஜராஜ நரேந்திரன் கேட்டது என்ன என்பது அந்தப் பாரதத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. சாளுக்கியர்கள் தங்களைச் சந்திர குலம் என்று சொல்லிக்கொண்டவர்கள். பாண்டவர்கள் அவர்கள் கணக்கில் முன்னோர்கள். எங்கள் குலத்துப் பெரியவர்கள் கதையைத் தெலுங்கில் சொல்லுங்கள் என்பதுதான் வேண்டுகோள். குடும்பப் பெருமைக்காகக் கேட்ட ஒரு காரியம் ஒரு மொழிக்கே இலக்கணமாகிவிட்டது. நன்னயா ஆதி பருவம், சபா பருவம் முடித்து, ஆரண்ய பருவத்தின் பாதியில் நிறுத்திவிட்டார். சரத்கால இரவுகளை வர்ணிக்கும் ஒரு செய்யுளோடு அவர் கை நின்றதாகத் தெலுங்கர்கள் சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் நெல்லூர்த் திக்கனா விராட பருவத்திலிருந்து கடைசிவரை பாடினார். ஆரண்ய பருவத்தின் விட்டுப்போன பகுதியை யாரும் தொடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் எர்ரனா வந்து அதை நிரப்பியபோது, நன்னயாவின் நடையிலேயே எழுதி, எப்போதோ மறைந்துபோன ராஜராஜ நரேந்திரனுக்கே சமர்ப்பித்தார். தன் பெயரை முன்னால் வைக்காத அந்த அடக்கத்தைத் தெலுங்கு ஆசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்லிச் சிலாகிப்பார்கள்.

அதே அரசனுக்கு இன்னொரு முகத்தையும் நாட்டார் கதை ஒட்டிவிட்டது. கிழட்டு ராஜா, இளம் மனைவி சித்ராங்கி, முதல் தாரத்து மகன் சாரங்கதரன். சித்ராங்கி அவன்மேல் ஆசைப்பட, அவன் மறுக்க, அவள் பழி சுமத்த, விசாரிக்காமல் கைகாலை வெட்டச் சொன்ன ராஜா. அது ராஜராஜ நரேந்திரன்தான் என்று ஊர்க்காரர்கள் சொல்லி, சாரங்கதர மெட்டா என்று ஒரு மேட்டையும் காட்டுவார்கள். வரலாற்றில் இதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் கதை எங்கெங்கே போனது பாருங்கள்: தஞ்சை நாயக்கர் அவையில் செமகூர வேங்கடகவி இதைத் தெலுங்குக் காவியமாக்கினார், பம்மல் சம்பந்த முதலியார் தமிழ் நாடகமாக்கினார், 1958இல் சிவாஜியும் பானுமதியும் நடித்துத் தமிழ்ப் படமாகவும் வந்தது. குந்தவை போன வழியிலேயே, எதிர்த்திசையில்.

அடுத்த அறுநூறு ஏழுநூறு வருடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். காகதீயர் வந்தார்கள், துக்ளக் படை வந்தது. 1324ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு அந்தக் கால மசூதி ஒன்று ஊரின் பிரதான சாலையில் இருக்கிறது. ரெட்டி அரசர்கள் காலத்தில் ஸ்ரீநாதன் என்ற மகாகவி இங்கே சுகமாக வாழ்ந்து காசிகண்டம் பாடினார். பிறகு ஒடிசாவின் கஜபதிகள், கிருஷ்ணதேவராயர், கோல்கொண்டா சுல்தான்கள், பிரெஞ்சுக்காரர்கள். 1758 டிசம்பரில் சந்துர்த்தி என்ற இடத்தில் நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றதும், சில வருடங்களில் வட சர்க்கார் என்ற இந்தக் கடற்கரைப் பகுதி பெரும்பாலும் ஆங்கிலக் கம்பெனிக்குப் போய், கடைசியில் சென்னை மாகாணத்தின் ஒரு மூலையானது. 1953இல் ஆந்திரம் பிரியும்வரை ராஜமுந்திரிக்காரர்களுக்கும் மேலிடம் என்றால் கோட்டையில் இருந்த சென்னைதான்.

அந்த மூலையைப் பற்றி மேலிடம் ரொம்ப நாள் கவலைப்படவில்லை. ஆற்றில் வெள்ளம் பெருகிக் கடலில் கலக்கும், மழை பொய்த்த வருடம் அதே கரையில் ஜனங்கள் பட்டினி கிடப்பார்கள். 1832–33இன் பஞ்சம் தெலுங்குக் கடற்கரையைச் சூறையாடியது. 1839இல் காக்கிநாடா பக்கத்துத் துறைமுகமான கோரங்கியில் புயல் அடித்துக் கடல் ஊருக்குள் வந்தது. இந்த நிலையில் இங்கே வந்தவர் ஆர்தர் காட்டன்.

காட்டனைத் தமிழ்நாட்டில் நமக்குத் தெரியும், தெரிய வேண்டும். 1830களில் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போய்த் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு, காவிரி மண்மேடாகி, தஞ்சாவூர் காய ஆரம்பித்தது. முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டி அதைச் சரிசெய்தவர் அவர். ஆழம் தெரியாத மணல் படுகையில் அஸ்திவாரம் எப்படி நிற்கும் என்பதைக் கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். பாறை தேடி ஓடத் தேவையில்லை. மணலில் கல்லைக் குவித்து, அது அமிழ்ந்து அமிழ்ந்து நிலைத்த பிறகு மேலே கட்டலாம். கோதாவரியில் அவர் செய்தது இதைத்தான், பல மடங்கு பெரிய அளவில்.

1847இல் வேலை தொடங்கியது. இடத்தேர்வில்தான் அவருடைய சாமர்த்தியம். தவளேஸ்வரத்தில் ஆறு மிக அகலம். அகலமான இடத்தில் அணை கட்டுவது முட்டாள்தனம் என்று முதலில் தோன்றும். ஆனால் அங்கே ஆற்றின் நடுவே லங்கா எனப்படும் மணல் தீவுகள் இருக்கின்றன. நீர் நான்கு கிளையாகப் பிரிந்து ஓடுவதால், ஒன்றை மறித்துக் கட்டும்போது மற்றதில் தண்ணீரைத் திருப்பிவிடலாம். அகலமாக இருப்பதால் வெள்ளத்தின் வேகமும் ஆழமும் குறைவு. கல்லுக்கு எங்கும் போக வேண்டாம், தவளேஸ்வரத்துக் குன்று கரையிலேயே நிற்கிறது. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் கல்லை உடைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டினார்கள். காட்டனோடு நின்று ஆட்களைத் திரட்டி வேலை வாங்கிய வீணம் வீரண்ணாவின் பெயரையும் ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. 1852இல் அணை முடிந்தது.

பலன் நெல்லில் மட்டும் நிற்கவில்லை. காட்டன் கால்வாய்களைப் படகு ஓட்டும் வழிகளாகவும் அமைத்தார். பின்னாளில் ஏலூர்க் கால்வாய், கிருஷ்ணா, கொம்மமூர்க் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று ஒன்றோடொன்று இணைந்து, காக்கிநாடாவில் சரக்கேற்றிய படகு கடலில் இறங்காமலே சென்னைக்கு வந்து சேர முடிந்தது.

தெலுங்குப் பிராமணர்கள் ஸ்நான சங்கல்பத்தில் காட்டனைப் பகீரதன் என்று சமஸ்கிருதத்தில் சுலோகமே சொல்வார்கள். கோதாவரி மாவட்டக் கிராமங்களில் குதிரைமேல் காட்டன் சிலையைக் காணாமல் போக முடியாது. வெள்ளைக்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பதுண்டு. வயலுக்குத் தண்ணீர் வந்தவனிடம் போய் அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் கம்பெனி கருணையால் பணம் போட்டது என்று நான் நம்ப மாட்டேன். நில வரி பெருகும் என்ற கணக்கைக் காட்டித்தான் காட்டன் அனுமதி வாங்கினார், வரியும் பெருகியது.

பழைய அணைக்குப் பதிலாக 1970களில் தொடங்கி 1982இல் முடிந்த இன்றைய தடுப்பணைக்கும் காட்டன் பெயர்தான். 175 மதகுகள், சுமார் பத்து லட்சம் ஏக்கர் பாசனம். 1986 ஆகஸ்டில் விநாடிக்கு 35 லட்சம் கன அடி தண்ணீர் இதைத் தாண்டிப் போனது. காவிரியில் ஒரு லட்சம் கன அடி திறந்தாலே நமக்கு டிவியில் தலைப்புச் செய்தி.

இந்த இரண்டாவது பிறப்பிலிருந்துதான் பண்பாட்டுத் தலைநகர் வருகிறது என்பது என் கட்சி. சீர்திருத்தவாதியும் எழுத்தாளருமான கந்துகூரி வீரேசலிங்கம் 1848இல், அணை வேலை தொடங்கிய மறுவருடம், ராஜமுந்திரியில் பிறந்தார். அணைக்கட்டும் பாசன அலுவலகங்களும் கொண்டுவந்த சம்பளக்காரர்கள், கால்வாய் நெல்லில் காசு பார்த்த குடும்பங்கள், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார், வாத்தியாருக்கு ஓர் அச்சகம் என்று சங்கிலி போகிறது. வீரேசலிங்கம் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியது 1874இல், தவளேஸ்வரத்தில். அதே வருடம் விவேகவர்தினி என்ற பத்திரிகையைத் தொடங்கி, லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் குழந்தைக் கல்யாணம் செய்கிறவர்களையும் பெயர் தெரிகிற மாதிரி வறுத்தெடுத்தார். பலரும் முதல் தெலுங்கு நாவல் என்று சொல்லும் அவருடைய ராஜசேகர சரித்திரம் அந்தப் பத்திரிகையில்தான் தொடராக வந்தது. தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது, எழுதியவர் மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. இரண்டு மொழியிலும் நாவல் அதே காலத்தில், ஆற்றுப் பாசனத்தில் செழித்த டெல்டா ஊர்க்காரர்கள் கையில் பிறந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீரேசலிங்கத்தின் பெயரை நிலைநாட்டியது 1881 டிசம்பர் 11ஆம் தேதி அவர் வீட்டில் நடந்த கல்யாணம். ஆந்திரத்தில் நடந்த முதல் விதவை மறுமணம் அது. தைரியம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், ஆனால் நடைமுறையில் அன்று ஜாதிக்கட்டு எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கல்யாணத்துக்குப் போனவர்களை விலக்கிவைப்போம் என்று அறிவிப்பு வந்தது. சமையல்காரர்கள் வரவில்லை. தண்ணீர் சுமப்பவர்கள் நின்றுவிட்டார்கள். புரோகிதர் கிடைப்பது பெரும்பாடு. வீட்டில் கல்யாணப் பெண், மாப்பிள்ளை, வந்தவர்கள் என்று கூட்டம் இருக்க, வீரேசலிங்கத்தின் மனைவி ராஜ்யலட்சுமி கோதாவரியிலிருந்து தானே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துவந்து, தானே எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். பள்ளி மாணவர்கள் காவல் நின்றார்கள். காக்கிநாடா வணிகர் பைடா ராமகிருஷ்ணய்யா பணம் கொடுத்துத் தாங்கினார். பேச்சு, எழுத்து எல்லாம் வீரேசலிங்கத்துடையது என்றாலும், அந்த வீட்டில் உலை கொதித்தது ராஜ்யலட்சுமியால். சிலைகளில் இந்தக் கணக்கு சரியாக வரவில்லை என்பது என் மனக்குறை.

வீரேசலிங்கம் பிற்பாடு சென்னை மாநிலக் கல்லூரியில் தெலுங்கு கற்பித்தார், 1919இல் காலமானதும் சென்னையில்தான். ராஜமுந்திரியில் அவர் பிறந்த வீடும், அவர் கட்டிய டவுன் ஹாலும் இன்றும் இருக்கின்றன.

அவர் கிளப்பிவிட்ட வாசிப்பும் வம்பும் அடுத்த தலைமுறையில் அரசியலானது. 1907 ஏப்ரலில் வங்காளத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலர் வந்து பேசினார். தெலுங்குக் கவிஞர் சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம் அதைத் தெலுங்கில் சொல்லி, முடிவில் ஒரு செய்யுளையும் சொன்னார். பாரதம் நல்ல கறவைப் பசு, இந்தியர்கள் அழும் கன்றுகள், வெள்ளைக்காரர்கள் கன்றின் வாயைக் கட்டிவிட்டுப் பாலைக் கறக்கும் தந்திரக்கார இடையர்கள் என்பது அதன் சாரம். நாலே வரி, மாகாணம் முழுக்கப் பரவியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவர்கள் 'வந்தே மாதரம்' பேட்ஜ் குத்திக்கொண்டு வர, அவர்களில் ஒருவரான காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பாலர் அங்கிருந்து சென்னை வந்து கடற்கரையில் பேசியதும், அந்தக் கூட்டங்களின் பின்னால் பாரதி நின்றதும் நமக்குத் தெரிந்த கதை. ஊரின் மத்திய சிறையில் விடுதலைப் போராட்டக்காரர்கள் வரிசையாக வந்து இருந்தார்கள். 2023இல் சந்திரபாபு நாயுடு அடைக்கப்பட்டபோது நம் டிவிகளிலும் அடிபட்டது அதே சிறைதான்.

ஓவியர் தாமெர்ல ராமாராவைப் பற்றித் தமிழில் யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால் நாலு வரி கூடுதலாகச் சொல்கிறேன். 1897இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். அரசுக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த ஆஸ்வால்ட் கூல்ட்ரே பையனின் கைத்திறனைக் கண்டுபிடித்து பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். வங்காளப் பாணியையும் அஜந்தாவையும் உள்வாங்கிக்கொண்டு, கோதாவரிக்கரைப் பெண்களையும் சந்தைகளையும் மெல்லிய கோடுகளில் வரைந்தார். 1925இல் அம்மை போட்டு இறந்தபோது வயது 28 நிரம்பவில்லை. அவர் பெயரில் ஒரு கலைக்கூடம் ஊரில் இருக்கிறது. படகு சவாரிக்குப் போகும் கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டு தனியார் நூலகங்கள் இணைந்து உருவான கௌதமி நூலகமும் அந்தக் காலத்துச் சொத்துதான். ஆந்திரத்தின் முதல் சினிமா ஸ்டுடியோவான துர்கா சினிடோன் 1936இல் தொடங்கியதும் சென்னையில் அல்ல, இங்கே. ஆற்றங்கரையைப் படம் பிடிக்கத் தெலுங்கு சினிமா இன்றும் வந்துகொண்டிருக்கிறது. நமக்குச் 'சலங்கை ஒலி' மூலம் பழக்கமான ஜெயப்பிரதா பிறந்தது ராஜமுந்திரியில்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆடி ஆவணியில் ஆற்றில் செந்நிற வெள்ளம் வரும்போது கடலிலிருந்து உள்ளம் மீன் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஏறும். கடலில் பிடித்தால் அதற்கு மதிப்புக் குறைவு. கோதாவரியின் நல்ல தண்ணீரில் நீந்தி உப்பு இறங்கிய பிறகு அதே மீனுக்குப் புலசா என்று பெயர், விலை ஆயிரக்கணக்கில். தாலியை விற்றாவது புலசா சாப்பிடு என்பது அங்கே பழமொழி. மண்சட்டியில் புளி கரைத்து, வெண்டைக்காய் போட்டு, சின்னத் தீயில் நேரமெடுத்து வைத்து, மறுநாள் சாப்பிடுவார்கள். வைத்த அன்றே தின்கிறவனுக்கு ருசி தெரியாது என்பார்கள். வயலுக்குச் சோறு போட்ட அதே தவளேஸ்வரம்தான் இந்த மீனுக்கு முட்டுக்கட்டை. அணை வந்த பிறகு புலசா அதற்குமேல் ஏறுவது நின்றது. வரத்தும் குறைந்துகொண்டே போகிறது.

ஆத்ரேயபுரத்துப் பூதரேகுலு இன்னொரு அதிசயம். பானையின் வாயைப் பக்கவாட்டில் இருக்கும்படி கவிழ்த்து உள்ளே தென்னை ஓலையை எரிப்பார்கள். அரிசியை ஊறவைத்து மைய அரைத்து நீராகக் கரைத்த மாவில் மெல்லிய துணியை நனைத்து, சூடான பானையின் மேல் ஒரே இழுப்பு. கண் இமைப்பதற்குள் காகிதத்தைவிட மெல்லிசான ஒரு படலம் எழும்பி வரும். அதை உடையாமல் எடுப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும், இதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள்தான். நெய்யும் பொடித்த சர்க்கரையோ வெல்லமோ தூவி மடித்தால் வாயில் வைத்ததும் காணாமல் போகும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் கடியம் நர்சரிகள் மைல் கணக்கில் நீள்கின்றன. சென்னை வீடுகளின் மொட்டை மாடித் தொட்டிகளில் இருக்கும் செடிகளில் கணிசமானவை அங்கே வளர்ந்து லாரி ஏறியவை.

இனி ஆற்றின் இன்றைய பாடு. 12 வருடத்துக்கு ஒருமுறை, குரு சிம்மத்தில் நுழையும்போது கோதாவரி புஷ்கரம். குரு அதே சிம்மத்தில் இருக்கும்போது வரும் மாசி மகம்தான் நமக்குக் கும்பகோணத்தில் மகாமகம். அதனால் 2015 ஜூலையில் அங்கே புஷ்கரம் என்றால் 2016 பிப்ரவரியில் இங்கே மகாமகம். ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. 2015 ஜூலை 14, புஷ்கரத்தின் முதல் நாள் காலை, கோட்டகும்மம் படித்துறையில் நெரிசலில் 27 பேர் இறந்தார்கள். அன்று காலை முதலமைச்சர் குடும்பத்தோடு அதே துறையில்தான் நீராடியிருந்தார். 1992 மகாமகத்தில் முதலமைச்சர் நீராடிய நாளில் சுமார் 50 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பன்னிரண்டு நாளும் ஆறு முழுக்கப் புண்ணியம்தான் என்று சாஸ்திரம் சொல்கிறது. ஒரே துறையில், முதல் முகூர்த்தத்தில், பிரமுகர் குளித்த இடத்திலேயே குளிக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. அடுத்த புஷ்கரம் 2027இல்.

மேலே போலவரம் அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. மதகுகள் விநாடிக்கு 50 லட்சம் கன அடி வெள்ளத்தைக் கடத்தும்படி வடிவமைக்கப்பட்டவை. அது நிரம்பும்போது மலைப்பகுதியில் கோயா, கொண்டரெட்டிப் பழங்குடிக் கிராமங்கள் நீருக்குள் போகும். ஏற்கெனவே பலரைக் குடியிருப்புகளுக்கு மாற்றியாயிற்று, காடும் ஆறும் இல்லாத அந்த வரிசை வீடுகளில் அவர்கள் என்ன செய்து பிழைப்பார்கள் என்பதற்குத்தான் திட்ட அறிக்கையில் பதில் இல்லை. பட்டிசீமாவிலிருந்து பம்பு வைத்துக் கோதாவரித் தண்ணீர் கிருஷ்ணாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மேலே இச்சம்பள்ளியிலிருந்து நாகார்ஜுனசாகர், சோமசிலா வழியாகக் கோதாவரி நீரைக் கல்லணைவரை கொண்டுவரும் இணைப்புத் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. நம் தேர்தல் மேடைகளில் அது அடிக்கடி தலைகாட்டும். கோதாவரிக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்டால் முதலில் எங்கள் ரபி பருவத்துக்கு, அதாவது குளிர்காலச் சாகுபடிக்குத் தண்ணீர் இருக்கட்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ள காலத்தில் பொங்கும் ஆறு, பிப்ரவரி மார்ச்சில் தவளேஸ்வரத்தில் முறைவைத்துப் பங்கிடும் நிலைக்கு வந்துவிடும்.

ரயிலில் போகும்போது பார்த்தால், மூன்று ரயில் பாலங்கள் தெரியும். வில் வில்லாக வளைந்து நிற்பது 1997இல் வந்தது. மேலே சாலையும் கீழே தண்டவாளமுமாக இருப்பது 1974இல் திறந்தது. ரயில் ஓடாமல் நிற்பது 1900இன் ஹேவ்லாக் பாலம். அதற்கு முன்பு ஆற்றைப் படகில்தான் கடக்க வேண்டும். 1997இல் ஓய்வு பெற்ற அந்தப் பாலத்தை நடைபாலமாக்கிச் சுற்றுலா இடமாக மாற்றும் பேச்சு வெகுநாளாக நடக்கிறது. செய்யட்டும். அதற்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தைப் படித்துறைகளுக்கும், தாமெர்ல ராமாராவ் கலைக்கூடத்தின் ஒழுகாத கூரைக்கும் ஒதுக்கினால் 2027இல் வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.